ஞாயிறுக்கு அடுத்த திங்கள்

குழந்தைப் பாட்டு மனிதர்கள்: வரலாற்றுத் தொடர் – 7

சென்ற இதழில் ஜாக்கையும் ஜில்லையும் மலையிலிருந்து இறக்கிவிட்டோம். இந்த இதழின் நாயகனுக்கு ஏற மலையும் இல்லை, சுமக்க வாளியும் இல்லை. அவனுக்கென்று இருப்பது ஒரே ஒரு வாரம். பெயர் சாலமன் கிரண்டி.

நம் ஊர் எல்.கே.ஜி. வகுப்புகளில் இவன் பெயர் அவ்வளவாக அடிபடுவதில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல தலைமுறைக் குழந்தைகளுக்கு இவனை நன்றாகத் தெரியும். திங்கட்கிழமை பிறக்கிறான். வாரத்தின் நடுவில் கல்யாணம். சனிக்கிழமை சாவு, ஞாயிற்றுக்கிழமை அடக்கம். ஞானஸ்நானமும் நோயும் நோய் முற்றுவதும் இடையில் ஆளுக்கொரு நாளை எடுத்துக்கொள்கின்றன. அவன் என்ன தொழில் செய்தான், யாரைக் கட்டினான், எந்த நோயில் போனான் என்று பாட்டில் ஒரு சொல் கிடையாது. கிழமைகளை வரிசையாக மனத்தில் பதியவைக்க வேண்டும். அதற்கு ஒரு மனிதனின் ஆயுசு முழுவதையும் செலவழித்துவிடுகிறது அந்தப் பாட்டு. குழந்தைகள் கைதட்டிப் பாடி முடிக்கும்போது ஒரு பிணம் மண்ணுக்குள் போயிருக்கும். இவ்வளவு கடுமையான பாட்டு குழந்தை இலக்கியத்தில் வேறு இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன். சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

இதை அச்சில் ஏற்றியவர் ஜேம்ஸ் ஆர்ச்சர்ட் ஹாலிவெல். 1842இல் லண்டனில் பெர்சி சங்கத்துக்காக அவர் தொகுத்த இங்கிலாந்துக் குழந்தைப் பாடல்கள் நூலில் சாலமன் கிரண்டி இருக்கிறான். தொகுப்பாளருக்கு அப்போது வயது 22. அதே ஆண்டு, கையெழுத்துச் சுவடிகளைச் சேர்ப்பதில் பெரும்புகழ் பெற்ற சர் தாமஸ் ஃபிலிப்ஸின் மகளை, தந்தையின் விருப்பத்துக்கு மாறாகக் கல்யாணம் செய்துகொண்டார். மாமனார் கடைசிவரை மன்னிக்கவில்லை. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகச் சுவடிகள் காணாமல்போன விவகாரத்தில் ஹாலிவெல்லின் பெயர் அடிபட்டு, 1845இல் பிரிட்டிஷ் மியூசியம் அவருக்குக் கதவை அடைத்தது. ஆள் எப்படியோ, பாட்டிமார் வாயில் மட்டும் இருந்தவற்றை எழுத்தில் கொண்டுவந்த கை அவருடையது. அந்த உழைப்பு இல்லையென்றால் இந்தத் தொடரின் பாதி அத்தியாயங்களை எழுதவே முடியாது.

பாட்டு ஞாயிறோடு முடிந்துவிடுகிறது. அடுத்த திங்கட்கிழமையை எழுத ஒருவர் வர நூறு ஆண்டு ஆனது. வந்தவர் நியூயார்க்காரர், காமிக்ஸ் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரெட் பெஸ்டர்.

1944 அக்டோபர். ‘ஆல்-அமெரிக்கன் காமிக்ஸ்’ 61ஆவது இதழ். அதில் வழக்கமாக வந்துகொண்டிருந்த நாயகன் கிரீன் லேன்டர்ன். விரலில் பச்சை மோதிரம், நினைத்ததை உருவாக்கும் சக்தி. 1940இல் மார்ட்டின் நோடெல் உருவாக்கிய பாத்திரம். அந்த மோதிரத்துக்கு ஒரு பலவீனம் உண்டு: மரத்தின் மேல் அது செல்லாது. உருட்டுக்கட்டையை எடுத்துக்கொண்டு வருகிற சாதாரண ரௌடியிடம்கூட மோதிரத்தை நம்பமுடியாது. அந்த ஓட்டையை நன்றாக ஆராய்ந்த பெஸ்டர், உடம்பிலேயே மரமும் செடியும் கலந்த ஓர் எதிரியை அவன்மேல் ஏவிவிட்டார்.

கதை இப்படிப் போகிறது. காத்தம் நகரத்துக்கு வெளியே ஒரு சதுப்புநிலம். அதற்குப் பெயரே ‘ஸ்லாட்டர் ஸ்வாம்ப்’, கொலைச் சதுப்பு. சைரஸ் கோல்ட் என்ற பணக்கார வியாபாரியைக் கொன்று அந்தச் சேற்றில் போட்டுவிடுகிறார்கள். ஐம்பது ஆண்டு உடல் அங்கேயே ஊறுகிறது. இலையும் வேரும் சேறும் எலும்போடு கலந்து, ஒருநாள் அது எழுந்து நடக்கிறது. வெளுத்த தோல், வெளுத்த தலைமுடி, மலைபோல் உடம்பு. சதுப்பில் ஒளிந்திருந்த இரண்டு தப்பிய கைதிகளைக் கொன்று அவர்கள் துணியை எடுத்து மாட்டிக்கொள்கிறது. பிறகு வெளிச்சத்தைப் பார்த்து, ஒரு ஹோபோ கூட்டத்தின் நடுவே போய் நிற்கிறது.

ஹோபோக்கள் என்றால் சரக்கு ரயிலில் தொற்றி ஏறி, வேலை தேடி ஊர் ஊராகப் போனவர்கள். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்கா முழுவதும் தண்டவாள ஓரங்களில் இவர்கள் தங்கியிருந்தார்கள். தீ மூட்டி உட்கார்ந்திருந்த அந்த ஆட்கள் வந்தவனிடம் பெயர் கேட்கிறார்கள். அவனுக்குப் பெயர் நினைவில்லை. தான் திங்கட்கிழமை பிறந்தவன் என்பது மட்டும் எப்படியோ தங்கியிருக்கிறது. அதைச் சொல்கிறான். கூட்டத்தில் ஒருவனுக்குச் சின்ன வயதில் படித்த பாட்டு ஞாபகம் வருகிறது. அப்படியானால் நீ சாலமன் கிரண்டி என்கிறான். பெயர் ஒட்டிக்கொண்டது, எண்பது ஆண்டாகியும் போகவில்லை.

இந்தக் காட்சியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பெயர் வைப்பவர் விஞ்ஞானியோ போலீஸ்காரரோ நிருபரோ இல்லை. வீடுவாசல் இல்லாத ஒருவன். அவனிடம் மிச்சமிருக்கிற சொத்துகளில் ஒன்று அம்மாவோ வாத்தியாரோ சொல்லிக்கொடுத்த ஒரு பாட்டு. அதிலிருந்து ஒரு பெயரை எடுத்து, தன்னைவிட இல்லாதவனுக்குக் கொடுக்கிறான். அந்தக் காமிக்ஸைப் படித்த பையன்கள் அத்தனை பேருக்கும் அந்தப் பாட்டு தெரிந்திருந்ததால், பெஸ்டர் ஒன்றையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறப்பு, சாவு, அடக்கம் எல்லாம் வாசகன் மனத்தில் ஏற்கெனவே இருந்தன. பத்து சென்ட் புத்தகத்தில் இடம் குறைவு. அரைப்பக்கத்தில் ஒரு பாத்திரத்துக்கு நூறாண்டுப் பழமையை ஏற்றிவிட இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

படம் போட்டவர் பால் ரெய்ன்மன். ஜெர்மனியில் பிறந்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் அமெரிக்கா சேர்ந்த யூதர். 1963இல் ‘எக்ஸ்-மென்’ முதல் இதழில் ஜாக் கர்பியின் பென்சில் கோடுகளுக்கு மை ஏற்றியவரும் இவரே. பெஸ்டரோ சில ஆண்டுகளில் காமிக்ஸை விட்டு வானொலிக்கும் அறிவியல் புனைகதைக்கும் போய்விட்டார். 1953இல் முதன்முதலாக ஹியூகோ விருது கொடுக்கத் தொடங்கியபோது அதைப் பெற்ற நாவல் அவருடைய ‘தி டெமாலிஷ்ட் மேன்’. போலீஸ்காரர்கள் மனத்தைப் படிக்கிற எதிர்கால உலகம் அது. கொலைத் திட்டம் போடுகிற கதாநாயகன் தன் எண்ணத்தை மறைக்க என்ன செய்கிறான் தெரியுமா? பாட்டு எழுதும் ஒரு பெண்ணிடம் போய், ஒருமுறை கேட்டால் மண்டையை விட்டுப் போகாத ஒரு சின்னப் பாட்டை வாங்கிக்கொள்கிறான். மனத்துக்குள் அது ஓடிக்கொண்டே இருப்பதால் போலீஸ்காரருக்கு வேறெதுவும் கேட்பதில்லை. மூளையில் எல்லாம் அழிந்தபின்னும் ஒரு துணுக்குப் பாட்டு தங்கும் என்பதைச் சதுப்புநில மனிதனை வைத்து 1944இலேயே எழுதிப் பார்த்துவிட்டார் என்றே நான் படிக்கிறேன்.

முதல் கதையின் முடிவில் கிரீன் லேன்டர்ன் அவனை ஓடும் ரயிலுக்கு அடியில் தள்ளுகிறான். அத்தோடு விட்டிருந்தால் கிரண்டி பத்தோடு பதினொன்றாகப் போயிருப்பான். வாசகர்கள் விடவில்லை. 1947இல் ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ 33ஆவது இதழில் திரும்ப வந்து, சூப்பர்ஹீரோக்களின் கூட்டணியான ஜஸ்டிஸ் சொசைட்டி முழுவதையும் அலறவைத்தான். கடைசியில் அவனை நிலாவில் கொண்டுபோய் விட்டார்கள். பிறகு சூப்பர்ஹீரோ காமிக்ஸுக்கே கெட்டகாலம். கிரண்டி மறுபடி எழ 1965இல் ‘ஷோகேஸ்’ 55ஆவது இதழ் வரவேண்டியிருந்தது.

இந்த இடைவெளியில் நாம் கடல் தாண்டி ஜமைக்காவுக்குப் போகவேண்டும்.

சாலமன் கிரண்டி என்ற பெயரே சமையலறையிலிருந்து வந்தது என்பது பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் ஊகம். ‘சால்மகண்டி’ என்று இங்கிலாந்தில் ஒரு பழைய பதார்த்தம்: நறுக்கிய இறைச்சி, நெத்திலி வகை மீன், முட்டை, வெங்காயம் எல்லாம் தட்டில் அடுக்கி வைத்தது. ஜமைக்காவில் இன்றும் ‘சாலமன் கண்டி’ உண்டு. உப்பிட்டுப் புகைகாட்டிய ஹெர்ரிங் மீனை ஸ்காட்ச் பானட் மிளகாயோடும் பிமென்டோவோடும் அரைத்த விழுது. பிஸ்கட்டில் தடவிச் சாப்பிடுவார்கள். ஆக, ஜமைக்காக் குழந்தைக்கு இந்தப் பெயர் பள்ளிக்கூடத்திலும் கிடைத்தது, சாப்பாட்டு மேசையிலும் கிடைத்தது.

1960களின் தொடக்கத்தில் கிங்ஸ்டன் நகரத் தெருக்களில் சவுண்ட் சிஸ்டம் என்ற நடமாடும் இசைக்கூடங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டிருந்தன. ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள், ஒரு டர்ன்டேபிள், ஒரு மைக். டியூக் ரீட், காக்ஸன் டாட், பிரின்ஸ் பஸ்டர் ஆகியோர் அதன் பெரும்புள்ளிகள். அமெரிக்க ரெகார்டுகளை மட்டும் போட்டுக் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தவர்கள் சொந்தமாகப் பாட்டுப் பதியத் தொடங்கினார்கள். ஸ்கா பிறந்தது. தாளத்தின் எதிரடியில் கிதார் வெட்டும். கேட்டால் கால் சும்மா இருக்காது. அந்தத் தாளத்துக்குப் பாட வார்த்தை வேண்டுமே? பாடகர் எரிக் மோரிஸ் 1961இல் ‘ஹம்ப்டி டம்ப்டி’யை எடுத்தார், பிரின்ஸ் பஸ்டரின் தயாரிப்பில் அது பெரிய வெற்றி. 1964இல் அதே மோரிஸ் ‘சாலமன் கண்டி’ என்ற பாட்டைப் பாடினார்.

இதைச் சரக்கு தீர்ந்துபோனவர்களின் வேலை என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஜமைக்கா சுதந்திரம் பெற்றது 1962 ஆகஸ்ட் 6. அதற்கு முன்பிருந்த பள்ளிகள் பிரிட்டிஷ் பாடப்புத்தகங்களால் நடந்தவை. கடலோரக் கரும்புத் தோட்டத்துப் பிள்ளை, பார்த்தே இராத இங்கிலாந்து அரசனின் குதிரைகளைப் பற்றிப் பாடி மனப்பாடம் செய்தது. நம் ஊர்ப் பள்ளிகளிலும் நடந்தது இதுதான். மோரிஸ் அந்த மனப்பாடத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்து, தங்கள் தாளத்தில் ஆடவைத்தார். நடனக் கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் வரிகள் ஏற்கெனவே தெரியும். முதல் தடவை கேட்கும்போதே கூடச் சேர்ந்து பாடலாம். பிரம்படியோடு கற்றதை ஒருவன் இப்படி ஆட்டமாக்கித் திருப்பிக் கொடுப்பது எனக்குப் பெரும் சாதனையாகப் படுகிறது.

வாரத்தை வைத்து வாழ்க்கையைச் சொல்லும் வழக்கம் வேறு இசையிலும் உண்டு. டி-போன் வாக்கர் 1947இல் பதிவுசெய்த ‘கால் இட் ஸ்டார்மி மண்டே’ என்ற ப்ளூஸ் பாட்டில் கறுப்பினத் தொழிலாளியின் ஒரு வாரம் அப்படியே இருக்கிறது: துயரமான வேலைநாட்கள், சம்பள வெள்ளி, ஆட்டபாட்டச் சனி, பிரார்த்தனை ஞாயிறு. கிரண்டியிடமிருந்து அது வந்தது என்று நான் சொல்லவில்லை. வாரக்கூலி வாங்கிப் பிழைப்பவனுக்கு ஆயுசு என்பது ஆண்டுக்கணக்கில் தெரிவதில்லை, கிழமைக்கணக்கில்தான் தெரிகிறது. பாட்டும் அந்தக் கணக்கில் வருகிறது.

இனி தொலைக்காட்சி. 1978இல் ஹன்னா-பார்பெரா தயாரித்த ‘சேலஞ்ஜ் ஆஃப் தி சூப்பர்ஃபிரெண்ட்ஸ்’ என்ற கார்ட்டூனில் பதின்மூன்று வில்லன்கள் கூட்டுச் சேர்ந்தார்கள். அவர்களில் கிரண்டியும் ஒருவன். கூட்டத்தின் தலைமையகம் சதுப்புநிலத்துக்குள்ளிருந்து எழும்பி வரும். சனிக்கிழமை காலையில் இதைப் பார்த்து வளர்ந்த அமெரிக்க, கனடியப் பிள்ளைகள் பலருக்குப் பாட்டைவிட வில்லன் முதலில் அறிமுகமானான். பெயர் போன வழி தலைகீழாகிவிட்டது.

அந்தத் தலைமுறை கிதாரை எடுத்தபோது கிரண்டியும் கூடவே வந்தான். 1990இல் ஸ்க்ரீமிங் ட்ரீஸ் என்ற வாஷிங்டன் மாநில ராக் குழுவின் பாஸ் கலைஞர் வான் கானர் தனியாக ஒரு குழு தொடங்கி, அதற்கு ‘சாலமன் கிரண்டி’ என்றே பெயர் வைத்தார். அதைவிட ஆழமாக மனத்தில் இறங்கியது அடுத்த ஆண்டு கனடாவிலிருந்து வந்த ஒரு பாட்டு.

வின்னிபெக் நகரத்து கிராஷ் டெஸ்ட் டம்மீஸ் குழுவின் ‘சூப்பர்மேன்ஸ் சாங்’. எழுதிப் பாடியவர் பிராட் ராபர்ட்ஸ். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் அடிக்குரல் அவருக்கு. பாட்டு மெதுவாகப் போகிறது. டார்ஜானையும் சூப்பர்மேனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, சூப்பர்மேன் ஏன் உயர்ந்தவன் என்று சொல்கிறது. எந்த வங்கியையும் உடைத்திருக்கக்கூடியவன் அவன், செய்யவில்லை. ஆபீஸ் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினான். உலகத்தைக் காப்பாற்றியதற்கு ஒரு காசு வாங்கவில்லை. யாரிடமிருந்து காப்பாற்றினான் என்று சொல்ல ராபர்ட்ஸ் தேர்ந்தெடுத்த ஒரே எதிரி சாலமன் கிரண்டி. சூப்பர்மேனின் பரம எதிரி லெக்ஸ் லூதர்கூட இல்லை.

ஏன் இவன்? ஓசைக்காக என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அதற்கு மேலும் தோன்றுகிறது. லூதர் பணத்துக்கும் அதிகாரத்துக்கும் அலைபவன். அவனை வெல்வது ஒரு கணக்குத் தீர்ப்பது. கிரண்டிக்கு எதுவும் வேண்டாம். அவனை வெல்வதில் லாபமில்லை, புகழில்லை. அடுத்த திங்களுக்குள் அவன் மறுபடி எழுந்துவிடுவான். கூலியில்லாத முடிவற்ற வேலையைச் சொல்ல அவனைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அந்தப் பாட்டின் வீடியோ ஒரு சவ அடக்கம்: சூப்பர்மேன் இறந்துவிட்டான், வயதாகித் தளர்ந்த பழைய சூப்பர்ஹீரோக்கள் உடுப்போடு அஞ்சலி செலுத்த வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இது வந்து ஓராண்டு கழித்து, 1992 நவம்பரில், ‘சூப்பர்மேன்’ 75ஆவது இதழில் சூப்பர்மேன் கதைகளை வெளியிடும் டி.சி. நிறுவனமே அவனைச் சாகடித்தது.

பாட்டு கிரண்டியைப் பெயராக மட்டும் வைத்துக்கொண்டது. அவனுக்கு ஓர் உள்ளம் உண்டா என்று தேடியவர்கள் காமிக்ஸ்காரர்களே. ஜேம்ஸ் ராபின்சன் 1994 முதல் எழுதிய ‘ஸ்டார்மேன்’ தொடரில் அவன் குழந்தை மனம் கொண்டவன். ஜெஃப் லோப் எழுதி டிம் சேல் வரைந்த ‘பேட்மேன்: தி லாங் ஹாலோவீன்’ (1996–97) அவனைக் காத்தம் நகரச் சாக்கடைக்குள் குடிவைத்தது. அங்கே அவனுக்கு வேறு பேச்சே கிடையாது. தன் பாட்டைத் தானே முணுமுணுக்கிறான். தேங்க்ஸ்கிவிங் பண்டிகை நாளில் பேட்மேன் அந்தச் சாக்கடைக்குள் இறங்கி அவனுக்குச் சாப்பாடு வைத்துவிட்டுப் போகிறான். பின்னர் முகம் அமிலத்தில் வெந்து ஊரைவிட்டு ஒளியும் வக்கீல் ஹார்வி டென்ட் தஞ்சமடைவதும் அவனிடம்தான். ஹோபோக்கள் அவனுக்குச் செய்ததை அவன் இன்னொருவனுக்குச் செய்கிறான்.

2003இல் ‘ஜஸ்டிஸ் லீக்’ கார்ட்டூன் தொடரில் ‘தி டெரர் பியாண்ட்’ என்ற கதை வந்தது. அதில் கிரண்டி தன் ஆன்மாவைத் தேடிப் போகிறான். அடிபட்டுச் சாகும் நேரத்தில் அது தனக்குக் கிடைக்குமா என்று ஹாக்கேர்ள் என்ற நாயகியிடம் கேட்கிறான். அவளுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனாலும் உன் ஆன்மா உனக்காகக் காத்திருக்கிறது என்கிறாள். அடுத்த தொடரில் மந்திரவாதம் தெரியாத சில பையன்கள் அவனை எழுப்பிவிடுகிறார்கள். எழுந்தது அறிவற்ற வெறும் உடல். அதைத் திரும்ப அடக்குகிற வேலையும் அவள் தலையில் விழுகிறது.

எழுபது வரிக் கட்டுரையில் சொல்லமுடியாததை ஒரு வில்லனை வைத்து இப்படிச் சொல்லிவிட்டார்கள்: மீண்டும் மீண்டும் பிறப்பது வரமில்லை. 2006இல் பிராட் மெல்ட்சர் ‘ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்கா’வில் அதை வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டார். அவருடைய கிரண்டி புத்திசாலி, நன்றாகப் பேசுபவன். செத்துச் செத்துப் பிறப்பதை நிறுத்தவேண்டும் என்பதற்காகவே சதி செய்கிறான். 2009இல் ஸ்காட் கோலின்ஸ் அவனுக்கென்று தனித்தொடர் எழுதி வரைந்தார். தன்னைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்க சைரஸ் கோல்டுக்கு ஏழு நாள் தவணை. தொடரின் இதழ்களும் ஏழு. ஹாலிவெல் 1842இல் அச்சிட்ட அந்த வாரம், அதே கணக்கில், மாதத்துக்கொரு நாளாகக் கடைகளில் விற்றது.

அடுத்த இதழில் ஹம்ப்டி டம்ப்டி. 1868 மார்ச் 10 அன்று நியூயார்க் ஒலிம்பிக் தியேட்டரில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற கோமாளி அந்தப் பெயரில் மேடையேறினார். 483 காட்சிகள் ஓடிய அந்த நாடகத்திலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)